கேம்ப்ல 178 காட்டிச்சுன்னா சுகர் வந்துடுச்சா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க தெருமுனையில ஷாமியானா போட்டு இலவச சர்க்கரை நோய் முகாம் நடத்துனாங்க. பக்கத்து வீட்டு அக்கா காய் வாங்கப் போனவங்க, கூட்டம் கம்மியா இருக்கேன்னு விரலை நீட்டிட்டு வந்திருக்காங்க.

காலையில பொங்கலும் வடையும் சாப்பிட்டு முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கு. வர்ற வழியில ஒரு கொய்யாப்பழம் வேற. கையைக் கூட கழுவல.

மெஷின்ல 178.

"சுகர் கன்ஃபார்ம் மேடம்"னு சொல்லி ஒரு பவுடர் டப்பா, ஒரு டயட் சீட்டு, ஒரு பேக்கேஜ் நோட்டீஸ், மூணையும் கையில திணிச்சு அனுப்பிட்டாங்க.

அக்கா அன்னைக்கு மத்தியானத்துல இருந்து சோத்தைத் தொடல. சாயங்காலம் எங்க வீட்டுப் படியில உட்கார்ந்து அழுதாங்க. அவங்க அம்மா சுகர்ல கிட்னி போய், டயாலிசிஸ் பண்ணிப் பண்ணியே இறந்தவங்க. அந்தப் பயம் முழுக்க அந்த ஒரு 178-க்குள்ள உட்கார்ந்திருக்கு.

எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துட்டு, ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்க இருக்கப்போற ஒரு வியாதியை எப்படிங்க "கன்ஃபார்ம்" பண்ண முடியும்?

நான் டாக்டர் இல்ல. ஆனா எங்க சொந்தத்துல பாதிப் பேருக்கு சுகர். ஆஸ்பத்திரி வரிசையிலயும் லேப் பெஞ்சுலயும் நிறைய உட்கார்ந்திருக்கேன். டாக்டர்களைத் துளைச்சு எடுத்துக் கேட்டதும் படிச்சதும்தான் இங்க எழுதறது. நீளமா இருக்கும். பொறுமையாப் படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். விரல்ல குத்திப் பார்க்கிற மெஷின், சுகர் இருக்கிறவங்க தினப்படி ஏத்த இறக்கத்தைப் பார்த்துக்கிறதுக்கு. கேம்ப்ல அதை வெச்சு சந்தேகப்படலாம், "லேப்ல பாருங்க"ன்னு அனுப்பலாம். அதோட சரி. நல்ல மெஷினே 15 சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன காட்டலாம். விரல்ல பழச்சாறு ஒட்டியிருந்தா அந்த இனிப்பையும் சேர்த்துத்தான் காட்டும். சுகர் இருக்குன்னு முடிவு பண்ணணும்னா கை நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பார்க்கணும்.

என்ன பார்க்கணும்?

வெறும் வயித்துல, அதாவது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாம இருந்து எடுத்தா 100-க்குக் கீழ இருக்கணும். 126-ம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். நடுவுல இருக்கிற 100-ல இருந்து 125 வரைக்கும்தான் எல்லாரும் "பார்டர்"னு சொல்றது. (உலக சுகாதார நிறுவனம் இந்த பார்டரை 110-ல இருந்து ஆரம்பிக்குது. அதனால ரெண்டு லேப் ரிப்போர்ட்ல ரெண்டு விதமா அச்சடிச்சிருந்தா குழம்பாதீங்க.)

அடுத்தது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கிறது. 140-க்குக் கீழ நார்மல். 200-ம் மேலயும் நோய்.

மூணாவது ஹெச்பிஏ1சி. 6.5-ம் மேலயும் நோய், 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் பார்டர்.

நாலாவது, எந்த நேரத்துல எடுத்தாலும் 200-ஐத் தாண்டி இருக்கு, கூடவே தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, காரணமே இல்லாம உடம்பு இளைக்கிறதுன்னு அறிகுறியும் இருக்குன்னா அது நோய்தான்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு ஒரு தடவை வந்த நம்பர் போதாது. இன்னொரு டெஸ்டோ, இன்னொரு நாள் அதே டெஸ்டோ ஒத்துப் போகணும். அக்காவுக்குத் தாகமும் இல்ல, இளைக்கவும் இல்ல. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துல யாருக்கு வேணா சுகர் மேல போய்த்தான் இறங்கும்.

இந்த 126 எங்கிருந்து வந்துச்சுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஏன் 120 இல்ல, ஏன் 130 இல்ல? 1997 வரைக்கும் வெறும் வயித்துக் கணக்கு 140-ஆத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆயிரக்கணக்கான பேரோட விழித்திரையைப் பார்த்து, எந்த அளவுக்கு மேல போனா கண்ணுல ரத்தக்குழாய் கெட ஆரம்பிக்குதுன்னு கணக்கெடுத்து 126-க்கு இறக்குனாங்க. கண்ணு கெடற இடத்துல போட்ட கோடு அது. எனக்கு இது தெரிஞ்ச நாள்ல இருந்து 125-ஐப் பார்த்து "அப்பாடா"ன்னு விட முடியறதில்ல.

சரி, அக்கா கதைக்கு வரேன்.

அடுத்த நாளே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வெறும் வயித்துல 94. ஹெச்பிஏ1சி 6.2. அக்கா முகம் மறுபடியும் வாடிப்போச்சு. ஆனா அந்த டாக்டர் ரிப்போர்ட்ல வேற ஒரு வரியைத்தான் முதல்ல பார்த்தாரு. ஹீமோகுளோபின் 8.9.

"மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகமா இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. ஆமா. பல வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல.

இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும். ஹெச்பிஏ1சின்னா ரத்தச் சிவப்பணுவுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின்ல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குங்கிற கணக்கு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அதனால இந்த டெஸ்ட் ரெண்டு மூணு மாசத்துச் சராசரியைச் சொல்லிடும். வெறும் வயித்து டெஸ்ட், பையன் இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்தானான்னு பார்க்கிற மாதிரி. ஹெச்பிஏ1சி மூணு மாச அட்டெண்டன்ஸ். நல்ல டெஸ்ட்தான். ஆனா அந்த ரெஜிஸ்டரே கிழிஞ்சிருந்தா? இரும்புச்சத்து இல்லாத ரத்தசோகையில இந்த அளவு இருக்கிறதைவிட ஏத்திக் காட்டும். திடீர்னு ரத்தம் நிறைய போயிருந்தாலோ, ரத்தம் ஏத்தியிருந்தாலோ, சிவப்பணு சீக்கிரம் அழியற வியாதி இருந்தாலோ இறக்கிக் காட்டும். கர்ப்பத்துலயும் கிட்னி ரொம்பக் கெட்டவங்களுக்கும் இதை நம்ப முடியாது.

தேசியக் குடும்ப நல ஆய்வோட ஐந்தாவது சுற்றுல, நம்ம நாட்டுல 15-ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. பாதிக்கு மேல! அப்போ ஹீமோகுளோபின் பார்க்காம ஹெச்பிஏ1சியை மட்டும் பார்த்து ஒரு பொம்பளைக்கு சுகர் இருக்கு, இல்லன்னு முடிவு பண்றது எவ்வளவு பெரிய தப்பு. இதை ஒவ்வொரு லேப் சுவத்துலயும் எழுதி வெக்கணும்னு எனக்கு ஆசை.

டாக்டர் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எழுதினாரு. அந்தத் தண்ணியைக் குடிச்சவங்களுக்குத் தெரியும், குமட்டும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்காரணும். நடக்கக் கூடாது, டீ கூடாது. தண்ணி ரெண்டு மடக்கு குடிச்சுக்கலாம். அக்கா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாங்க. ரிசல்ட் 128.

சுகர் இல்ல. இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தசோகை சரியானப்புறம் மறுபடி ஒரு ஹெச்பிஏ1சி. அம்மாவுக்கு இருந்ததால வருஷம் ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும்னும் சொல்லி அனுப்பினாரு.

(டெஸ்டுக்குப் போறவங்களுக்கு: மூணு நாள் முன்னாடியிருந்து பட்டினி கிடந்து நம்பரை அழகு பண்ணாதீங்க. வழக்கமாச் சாப்பிடறதையே சாப்பிடுங்க. காலையில ஒரு வாய் காபின்னாலும் அது வெறும் வயிறு இல்ல. "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்"னா முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து கணக்கு. ஏற்கனவே மாத்திரை போடறவங்க சாப்பிட்டப்புறம் பார்க்கிற டெஸ்டுக்கு மாத்திரையை நிறுத்திட்டுப் போனா, அந்த மருந்து வேலை செய்யுதான்னே தெரியாமப் போயிடும்.)

இதைப் படிச்சுட்டு "அப்போ கேம்ப் எல்லாம் வேஸ்ட்"னு யாரும் கிளம்பிடாதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். நம்ம நாட்டுல அதைவிடப் பெரிய பிரச்சனை, சுகர் இருக்கிறதே தெரியாம நடமாடறவங்க. சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தின ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல வந்துச்சு. இந்தியாவுல 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய். 13 கோடியே 60 லட்சம் பேர் பார்டர்ல. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம். விரலை நீட்டறது நல்லதுதான். நீட்டினப்புறம் லேபுக்குப் போகணும்.

பார்டர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல வெளியான ஆய்வுல, இந்த நடுக்கட்டத்துல இருந்தவங்க நடை, சாப்பாடுன்னு மாத்திக்கிட்டாங்க. மூணு வருஷத்துல நோயா மாறுறது 28.5 சதவீதம் குறைஞ்சுது. வெளிநாட்டுக்காரங்களை வெச்சுப் பண்ணினது இல்ல, நம்ம ஆளுங்களை வெச்சே பண்ணினது.

இப்போ "எந்த வகை"ங்கிற விஷயம். இது எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம்.

என் தங்கச்சி, அதாவது சித்தி பொண்ணோட பையன். அப்போ அஞ்சாம் கிளாஸ். ஸ்கூலுக்குக் கொண்டு போற தண்ணி பாட்டிலை முதல் பீரியட்லயே காலி பண்ணிட்டு வாத்தியார்கிட்ட திட்டு வாங்கியிருக்கான். விவரம் தெரிஞ்ச பையன் திடீர்னு படுக்கையில ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சான். ட்ரவுசர் இடுப்புல நிக்கல. வளர்ற வயசு, இளைக்கிறான்னு எல்லாரும் நினைச்சோம்.

ஒரு நாள் வாந்தி, வயித்து வலி. பக்கத்துல ஒரு கிளினிக். ஃபுட் பாய்சன்னு சொல்லி குளுக்கோஸ் ட்ரிப் ஏத்தினாங்க. சாயங்காலத்துக்குள்ள பையன் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கறான். வாயில அழுகின பழ வாசனை. வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, ட்யூட்டியில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா வாசனையைப் பிடிச்ச உடனே விரல்ல குத்தினாங்க. மெஷின்ல நம்பரே வரல. 'ஹை'னு மட்டும் காட்டுச்சு. அதால அளக்கவே முடியாத உயரத்துல இருந்துச்சு. நேரா ஐசியு.

கீட்டோஅசிடோசிஸ்னு பேரு. உடம்புல இன்சுலின் இல்லாததால, ரத்தம் நிறைய சர்க்கரை இருந்தும் செல்லுக்குள்ள போக வழியில்ல. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிச்சு, ரத்தம் அமிலமாயிடும். முதல் கிளினிக்லயே ஒரு விரல் குத்தியிருந்தா போதும். நான் முதல்ல திட்டின அதே மெஷின்தான், இங்க உயிரைக் காப்பாத்தற மெஷின். வாந்தி, வயித்து வலியோட வர்ற குழந்தை தாகம்னு சொல்லுது, இளைச்சிருக்குன்னா, ட்ரிப் போடறதுக்கு முன்னாடி சுகர் பாருங்கன்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க.

பையன் பிழைச்சு வீட்டுக்கு வந்தான். அதுக்கப்புறம் என் தங்கச்சி பட்ட பாடு வேற. "சாக்லேட் நிறைய வாங்கிக் குடுத்திருப்பே", "பிஸ்கட்டா வளர்த்தா இப்படித்தான்". வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க.

கேட்டுக்கோங்க. டைப் 1 சாக்லேட்டால வர்றதில்ல. உடம்போட எதிர்ப்பு சக்தி கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லைத் தானே அழிச்சுடுது. அம்மா எப்படி வளர்த்தாங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்சுலின் ஊசி போட்டே ஆகணும், மாத்திரையால முடியாது. 1922 ஜனவரியில டொரோண்டோவுல லியோனார்ட் தாம்சன்கிற 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்தக் குழந்தைங்களைப் பட்டினி போட்டு நாளைக் கடத்தறதைத் தவிர வேற வழி இல்ல. கஷாயம் குடிச்சா ஊசியை நிறுத்தலாம்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, அவங்களை வீட்டுக்குள்ள விடாதீங்க. ஊசியை நிறுத்தினா ஒரு சில நாள்லயே அந்தக் குழந்தை மறுபடி ஐசியுவுல இருக்கும். உயிரே போகலாம்.

டைப் 2 உங்களுக்குத் தெரிஞ்சது. இன்சுலின் சுரக்கும், ஆனா உடம்பு அதைச் சரியா எடுத்துக்காது, போகப் போகச் சுரப்பும் குறையும். "நான் ஒல்லிதான், எனக்கெல்லாம் வராது"ங்கிறவங்களுக்கு ஒரு படம் ஞாபகம் இருக்கட்டும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் அவரோட ஆங்கிலேய நண்பர் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்த படம், 2004-ல லான்செட்ல வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணே, 22.3. ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு எடை மெஷினைவிட இஞ்ச் டேப் நல்லா உண்மை சொல்லும்: இடுப்புச் சுற்றளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதுக்கு மேல போகாமப் பார்த்துக்கணும்.

இந்த ரெண்டு வகையில அடங்காதவங்களும் இருக்காங்க. கணையத்துல கல் சேர்ந்து, அடிக்கடி வயித்து வலி வந்து, அப்புறம் சுகர் வர்றவங்க கேரளாவுலயும் நம்ம பக்கமும் உண்டு. தாத்தா, அப்பா, பையன்னு மூணு தலைமுறையா இளவயசுலயே வர்ற மோடிங்கிற மரபணு வகையில சிலருக்கு ஊசியே தேவைப்படாது, குறைஞ்ச அளவு மாத்திரையே போதும். சின்ன வயசுல சத்தில்லாம வளர்ந்த ஒல்லிப் பிள்ளைங்களுக்கு வர்ற வகையை உலக சுகாதார நிறுவனம் 1985-ல பட்டியல்ல சேர்த்து, 1999-ல எடுத்துடுச்சு. வேலூர் சிஎம்சி டாக்டர்களும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் விடாம ஆதாரம் காட்டி, 2025 ஏப்ரல்ல பாங்காக்ல நடந்த மாநாட்டுல சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை டைப் 5-ன்னு ஏத்துக்குச்சு. 26 வருஷம் பேரே இல்லாம இருந்த ஏழைகளோட வியாதி. அந்தச் செய்தியைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதனால முப்பது வயசுக்குள்ள ஒல்லியான ஒருத்தருக்கு சுகர்னா, "எந்த வகை டாக்டர்?"னு கேளுங்க. சி-பெப்டைட், ஆன்டிபாடி, கணைய ஸ்கேன்னு பார்க்க வழி இருக்கு. வகை மாறினா வைத்தியமே மாறும்.

கர்ப்பத்துல வர்றதைப் பத்தி ஒரு பெருமை சொல்லிக்கணும். நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா, மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கிற பொண்ணு பஸ் ஏறிப் பட்டினியோட வரணும், அப்புறம் மறுபடி வரணும்னா வரமாட்டான்னு யோசிச்சாரு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடலைன்னாலும் 75 கிராம் குளுக்கோஸ், ரெண்டு மணி நேரம், 140-ம் மேலயும் வந்தா கர்ப்பகால சர்க்கரை. ஒரு டெஸ்டுக்கு அந்தப் பொண்ணு ஒரே தடவை வந்தாப் போதும். தமிழ்நாட்டு அரசு 2007-லயே எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டு வந்துச்சு. குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் சரியாயிடும். ஆனா பின்னாடி டைப் 2 வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு. பிரசவம் ஆகி ஆறுல இருந்து பன்னிரண்டு வாரத்துக்குள்ள மறுபடி பார்க்கணும். பச்சை உடம்புக்காரின்னு வீட்டுல உட்கார வெச்சுடறாங்க, அந்த டெஸ்ட் விட்டுப் போயிடுது. பாட்டிமார்களே, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்து, சுகர் உடம்பை எங்கெல்லாம் தின்னும்ங்கிறது.

என் பெரியப்பா. பதினஞ்சு வருஷ சுகர். "எனக்கு ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை, செருப்பில்லாம. அந்த வருஷமும் திருச்சியில இருந்து குழுவோட நடந்தாரு. மத்தவங்க எல்லாம் மத்தியான வெயில்ல தார் ரோடு சுடுதுன்னு ஓரத்து மண்ணுல இறங்கி நடந்திருக்காங்க. இவர் மட்டும் ரோட்டுலயே நடந்திருக்காரு. "பெரியவருக்கு முருகன் அருள், கால் சுடவே இல்ல"ன்னு கூட வந்தவங்க பேசிக்கிட்டாங்களாம்.

வீட்டுக்கு வந்து ரெண்டாவது நாள் பெரியம்மாதான் தரையில ஈரமான கால் தடத்தைப் பார்த்திருக்காங்க. உள்ளங்கால் கொப்புளிச்சு உடைஞ்சு சீழ். அவருக்கு வலியே இல்ல. சுண்டு விரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாப் போச்சு.

ஆபரேஷனுக்கப்புறம் கால் டாக்டர்கிட்ட நான்தான் கூடப் போனேன். பேனா மாதிரி ஒரு கைப்பிடி, நுனியில ஒரு நைலான் இழை. அழுத்தினா 10 கிராம் அளவுல வளையும், அவ்வளவுதான் கருவி. முதல்ல பெரியப்பா முழங்கையில தொட்டு, "இது மாதிரி தெரியறப்போ 'ம்' சொல்லுங்க"ன்னு காட்டினாரு. கண்ணை மூடச் சொன்னாரு. நல்லா இருந்த இன்னொரு கால்ல கட்டை விரல், நடு விரல், அடிப்பாதம்னு ஒவ்வொரு இடமாத் தொட்டு இழை வளையற வரைக்கும் அழுத்தினாரு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்கிறாரு, "ஆரம்பிக்கலாமே டாக்டர்?"

அதுக்குள்ள பத்து இடம் முடிஞ்சிருந்துச்சு.

அந்த டெஸ்டுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. வலிக்காது, ரத்தம் எடுக்க வேண்டாம். பதினஞ்சு வருஷத்துல ஒருத்தர் கூட அவர் செருப்பைக் கழட்டச் சொல்லல. இதுக்குத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. நம்பர் மட்டும் பார்த்து மாத்திரை எழுதி அனுப்பினா அது பாதி வைத்தியம்.

கால் எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கிறது, இதெல்லாம் நரம்பு கெடுற அறிகுறி. எரிச்சல் நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க, சுரணையே போயிருக்கலாம். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியாதவங்க ஒரு கண்ணாடியைத் தரையில வெச்சுப் பாருங்க. செருப்பு போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க. நேர்த்திக்கடன் இருக்கிறவங்க கோயில் பிரகாரத்துல காலையில வெயிலுக்கு முன்னாடி சுத்துங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

கிட்னியில ஏமாத்தறது கிரியாட்டினின். அக்காவோட அம்மாவுக்கு வருஷக்கணக்கா "கிரியாட்டினின் நார்மல், கிட்னி நார்மல்"னு சொல்லிட்டே இருந்தாங்க. கிட்னி பாதிக்கு மேல போனப்புறம்தான் பல பேருக்கு அது ஏறும். அதுக்குப் பல வருஷம் முன்னாடியே சிறுநீர்ல அல்புமின் கசிய ஆரம்பிச்சுடும். காலையில ஒரு டப்பா சிறுநீர் குடுத்தாப் போதும், அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்த்துடலாம். 30-க்குக் கீழ நார்மல். அதுக்கு மேல போன உடனே பிடிச்சா, பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் மாத்தி அமைச்சு நிறைய வருஷம் இழுத்துப் பிடிக்கலாம். பிடிக்காம விட்டா எங்க போய் நிக்கும்னு அக்காவைக் கேளுங்க.

கண்ணு இன்னும் மோசம். பார்வை மங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே விழித்திரையில ரத்தம் கசிஞ்சிருக்கும். கண்ணாடிக் கடையில பவர் பார்க்கிறது கண் பரிசோதனை இல்ல. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிய வெச்சு உள்ள பார்க்கணும். டைப் 2-ன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம். (அன்னைக்கு வண்டி ஓட்ட முடியாது, யாரையாவது கூட்டிட்டுப் போங்க.)

மாரடைப்பு சுகர்காரங்களுக்கு வலியில்லாமலும் வரும். வெறும் வியர்வை, மூச்சு வாங்கறது, தலை சுத்தல். "கேஸ்"னு சோடா குடிச்சுட்டுப் படுத்துடாதீங்க.

இதெல்லாம் பயமுறுத்த எழுதல. கட்டுப்பாட்டுல வெச்சா குறையும்ங்கிறதுக்குப் பெரிய ஆதாரம் இருக்கு. டைப் 1-ல 1993-லயும், டைப் 2-ல இங்கிலாந்துல 1998-லயும் வந்த ஆய்வுகள் சர்க்கரையை இறக்கினா கண்ணு, கிட்னி, நரம்பு பாதிப்பு குறையுதுன்னு காட்டிடுச்சு. இங்கிலாந்து ஆய்வுல இருந்தவங்களைப் பத்து வருஷம் கழிச்சு 2008-ல மறுபடி பார்த்தா, ஆரம்பத்துல நல்லாக் கட்டுப்படுத்தினவங்களுக்கு அந்தப் பலன் அப்பவும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முதல் சில வருஷம்தான் முக்கியம். அந்த வருஷத்துலதான் நம்ம ஆளுங்க "லேசாத்தான் இருக்கு, வெந்தயத்துல பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடறாங்க.

காசு இல்லன்னும் விட்டுடாதீங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சுக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. சுகர் ஏறுறதைப் பத்தியே எல்லாரும் பேசறோம், இறங்கறதைப் பத்திப் பேசறதில்ல. 70-க்குக் கீழ போனா கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கோவம், உளறல். இன்சுலின் போடறவங்களுக்கும், கிளிமிபிரைட் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கும் வரும். மாத்திரையைப் போட்டுட்டு கிருத்திகை விரதம் இருக்கிற வீட்டுப் பெரியவங்களை நல்லா கவனிங்க. திடீர்னு யாரையாவது திட்டினா, வாய் குழறினா, முதல்ல சுகர் பாருங்க. மெஷின் இல்லன்னா இறங்கியிருக்குன்னே வெச்சுக்கோங்க.

நினைவோட இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க. பால், சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பால சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை குடுங்க. சரியானதும் ரெண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட வையுங்க. தங்கச்சி பையன் பையில எப்பவும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும். அவன் கிளாஸ் டீச்சருக்கும், பக்கத்துல உட்கார்ற ரெண்டு பசங்களுக்கும் அது எங்க இருக்குன்னு தெரியும்.

நினைவில்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. "சுகர் பேஷன்ட், இன்ன மாத்திரை போடறாரு"ன்னு போன்லயே சொல்லிடுங்க. மாத்திரைச் சீட்டையும் கையோட எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுங்க.